நடுவிரல்

குலுக்கலில் என் பெயர் விழுந்தது. அதனால்
இந்த ஞாயிறு நான் வாக்குச்சாவடித் தலைவன்;
மற்ற நாளெல்லாம் அரேக்கிப்பாவில்
பேருந்துகளுக்கு பிரேக் கட்டை மாற்றுகிறவன்.

பதினோரு மணிக்கு எவுதோசியா கயோ வந்தார்,
அல்பாக்கா மயிர் தரம் பிரிக்கும் ஆலையிலிருந்து.
அட்டையை நீட்டிய வலக்கையில்
நடுவிரல் ஏற்கெனவே நீலம்.

"ஓட்டுப் போட்டாயிற்றே" என்று
பக்கத்து மாணவி பட்டியலை மூடினாள்.
"போடாவிட்டால் அபராதம். நீ கட்டுவாயா?"

பிறகு சொன்னார், விலை சொல்லும் குரலில்:
விடியலில் தலை பின்னும்போது
குளவி கொட்டியதுபோல் ஒரு சுரீர்.
அடியில்லை, இடியில்லை.
பின்னல் முடிவதற்குள் இரண்டு கணு பரவிவிட்டது.
போன தடவை மருத்துவமனையில்
தட்டணு எண்ணினார்கள்,
ரத்தம் உறையும் நேரம் பார்த்தார்கள்,
ஆஸ்பிரின் உண்டா என்றார்கள்,
புருஷன் கை நீட்டுவானா என்று
குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்.
அவர் செத்து ஒன்பது வருஷம்.
எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எரிச்சல்.
தோலுக்கடியில் ஒரு சின்ன ரத்தக்குழாய்
தானாக விட்டுக்கொடுக்கிறதாம்.
ஏன் என்று அவர்களுக்கும் தெரியாதாம்.
வைத்தியம்: குளிர்ந்த நீர், நாலைந்து நாள் பொறுமை.
"இதைச் சொல்ல நாற்பது சோல்."

என் கட்டைவிரலை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டேன்.
சுத்தியல் விழுந்து கறுத்த நகம்,
இரவெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது.
நர்ஸ் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிட்டதும்
ஒரு சொட்டு, பிறகு தூக்கம்.
என் ரத்தத்துக்குத்
திட்டுவதற்கு ஒரு சுத்தியலாவது இருந்தது.

காலையிலிருந்து நூறு விரல் முக்கியிருக்கிறேன்.
மை முதலில் நகத்தைத்தான் பிடிக்கும்,
நகக்கண்ணில் ஊறி நிற்கும்.
இவர் நகமோ கழுவிய அரிசி. நுனியும் வெளுப்பு.
நீலம் நடுக்கணுவில், உள்ளங்கைப் பக்கம்,
துடைக்க எட்டாத ஆழத்தில்.

"பட்டியலைத் திற" என்றேன்.

திரைக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார்.
வந்து அதே விரலை நீட்டினார்.
"இடக்கை தாருங்களேன்."
"சட்டம் எந்த விரல் என்கிறது?"
முக்கினேன். மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார்.

ஒரே விரலில் இரண்டு நீலம்.
ஒன்று வாரம் முடிவதற்குள் பச்சையாகி, மஞ்சளாகி,
வந்ததைப்போலவே சொல்லாமல் போய்விடும்.
"உங்களுடையது கம்பளியில் பட்டால்
ஜென்மத்துக்கும் போகாது" என்று
கையை உதறிக்கொண்டே போனார்.

சாயங்காலம் சீட்டுகளை எண்ணினோம்.
ஒன்றில் பெருக்கல் குறி மகா கோணல்,
நடுவிரலை விலக்கிப் பேனா பிடித்ததுபோல்.
விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன்:
கோடுகள் கட்டத்துக்குள்தான் வெட்டிக்கொண்டிருந்தன.
செல்லும்.