செல் அடிக்கவில்லை

பக்கிரிசாமி ராத்திரி வைத்த நாற்பது கிட்டியில்
பதினொன்றில் விழுந்திருந்தது.
கழுத்தில் நாண் இறுகி, கடைவாயில் இன்னும் சம்பா நெல்.
வெட்டாற்றுக் கரையில் ஐஸ்பெட்டியைத் திறந்து
நான் இரண்டாவது கையுறை மாட்டும்போது கேட்டார்:
"இந்தச் சீக்கு எலிய ஒண்ணும் பண்ணாதாம்மா?"

ஒண்ணும் பண்ணாது.
நுரையீரல் பாருங்கள், பூப்போல இருக்கிறது.
எலிக்கும் அதற்கும் ஏதோ பழைய குத்தகை.
நமக்குத்தான் பத்திரம் இல்லை.

மூத்திரம் காய்ந்த தூசியில் ஏறி
களத்துமேட்டில் மூச்சோடு உள்ளே போகிறது.
செல்லுக்குள் ஒரு காவல் புரதம்,
வருகிற இழையின் தலையைத் தடவிப் பார்க்கும்.
மூன்று பாஸ்பேட் தட்டுப்பட்டால் அந்நியன்.
இது இரண்டைக் கழற்றிவிட்டு
ஒற்றையோடு குனிந்து வருகிறது.

அப்படியும் சந்தேகம் வந்து காவல் குரல் கொடுத்தால்,
குரல் கைமாறிக் கைமாறிக் கருவுக்குப் போகும் வழியில்
இதன் புரதம் ஒன்று வாலை நீட்டிக் கிடக்கிறது.
யாரையும் கொல்வதில்லை.
வந்த சேதியை
வாங்கி வைத்துக்கொள்கிறது.
இன்டர்ஃபெரான் புறப்படவில்லை.
பக்கத்துச் செல்
கதவைத் தாழிடவில்லை.

இதில் பாதிகூட நான் சொல்லி முடிக்கவில்லை.
"லஸ்கர் அந்தோணிராசு கதைதான்" என்றார் அவர்,
கிட்டியை உதறி மூங்கிலைத் துடைத்தபடி.
போன ஐப்பசி, இதே வளைவு.
எலி வளையில் விரல் பருமனுக்குக் கசிவு.
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு செல்லில் கூப்பிட்டிருக்கிறார்.
எடுத்தவர், "சரி, சொல்லிடுறேன்."
மணல் மூட்டை வரும் வருமென்று
மடித்துக் கட்டிய வேட்டியோடு நின்றிருக்கிறார்.
மூணு மணிக்கு
அறுபதடி கரையைக் காணோம்.

"எடுத்தவன் கெட்டவனில்லம்மா."
கொஞ்சம் கழித்து:
"ஆனா எடுத்தான்ல."

அறுப்பு மெஷின் ஓட்ட வந்த பையனுக்குக் காய்ச்சல்
பன்னிரண்டாம் நாள்தான் தெரிந்தது.
உடம்பு அப்போதுதான் கத்தத் தொடங்கியிருந்தது.
கத்திய கத்தலில் ரத்தக்குழாயெல்லாம் கசிந்தது.
எலிக்காய்ச்சல் இல்லை, டெங்கு இல்லை என்று
சீட்டில் இரண்டு கோடு.

தஞ்சாவூரில், ராத்திரி ஒன்பதரைக்கு,
நுண்ணோக்கியின் கீழே ஏழாம் குழி.
நான்கு நாளாகிறது வைரஸ் விட்டு.
ஒரு செல்கூடச் சுருங்கவில்லை, உரியவில்லை.
நடவு முடிந்த வயல்போல
வரிசையாக, அழகாக, ஈரமாக.

நோட்டில் 'அமைதி' என்று எழுதினேன்.
அடித்தேன்.
பக்கத்தில் எழுதினேன்:
எடுத்தது யார்?