ஒரு தரிப்பு முன்பே

கொட்டாஞ்சேனையில் ஒருவனை வாயடைக்க
ஓர் ஊர்ப்பெயர் போதும்.
"இவனை அங்கொடைக்கு அனுப்பவேணும்" —
கரம் போர்டில் தோற்றவன் சொல்வான்,
மீன் விலை கேட்டுத் திரும்பியவள் சொல்வாள்.
நானும் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடச் சட்டையோடு,
சிரித்துக்கொண்டு.

இப்போது மாதத்தில் ஒரு செவ்வாய்
அந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கிறேன்.
இரண்டு பேருக்கு.

ஒரு தரிப்பு முன்பே இறங்கிவிடுவோம்.
"ஏன் அக்கா, பஸ் அங்கதானே போகுது?"
காற்று வாங்க, என்பேன்.
டயர்க் கடையும் டீசல் புகையும் உள்ள றோட்டில்
என்ன காற்று.

ஹார்ட்வெயார் முதலாளியிடம்
தம்பிக்குச் சீனி வருத்தம் என்று லீவு கேட்டிருக்கிறேன்.
சீனி மரியாதையான வருத்தம்.
அவர் தோட்டத்துப் பாகற்காய் கொடுத்தனுப்புகிறார்.
மாதாமாதம் தின்கிறோம்.

முதல் இரண்டு வருடம்
கொச்சிக்கடையில் மெழுகுதிரி,
முகத்துவாரத்தில் வெட்டிய எலுமிச்சை,
வத்தளையில் ஒரு பாஸ்டர்
அமலனின் தலையில் கைவைத்து ஆங்கிலத்தில் கத்தினார்.
அமலனுக்கு ஆங்கிலம் தெரியாது.
உள்ளே இருந்ததற்கும் தெரியவில்லைபோலும்.

கிளினிக்கில் தமிழ் பேசிய டொக்டர் மாற்றலாகிப் போனார்.
புதியவர் நல்ல பிள்ளை.
"சாப்பாடு? நித்திரை?" என்று
கற்றுவைத்த இரண்டு சொல்லையும் முதலில் தருவார்.
பஸ்ஸுக்கும் சந்தைக்கும் போதுமான சிங்களம் அமலனிடமும் உண்டு.
நெஞ்சுக்குள் இருப்பதை எடுக்கப்போனால்
தமிழ்தான் கையில் வரும்.
ஆகவே நடுவில் ஒரு கதிரை. அதில் நான்.

"கவுத கதா கரன்னே?"
யார் பேசுவது என்று கேட்கிறார், என்றேன்.
அமலன் சுவரைப் பார்த்தான்.
"அக்காட குரல்தான். செத்துத் துலை எண்டு சொல்லுது."

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.
ஒரு பெண்ணின் குரல், என்றேன் சிங்களத்தில்.
தெரிந்தவரா?
தெரியாதாம்.
அவர் எழுதிக்கொண்டார்.
அமலன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
அவ்வளவு சிங்களம் அவனுக்குத் தெரியும்.

பெண் பார்க்க வந்தவர்கள்
தேத்தண்ணி ஆறக் கிடக்க எழும்பிப்போன அன்று
குசினிக்குள் நின்று நான் சொன்னது அது.
ஒரேயொரு தரம்.
மெதுவாகத்தான்.

மருந்து கொடுக்கும் யன்னலில்
ஒரு குளிசை இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள்.
எங்கள் தெருப் பார்மசியில் வாங்கமாட்டேன்,
துண்டை வாசித்தால் தெருவே வாசிக்கும்.
பொரளையில் வாங்கினேன், பத்து நாளுக்கு.
சம்பளத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.
மிச்ச எட்டு இரவும்
அவன் விழித்திருந்தான்; நான் கதவடியில் படுத்திருந்தேன்.

அடுத்த செவ்வாய்.
வழக்கமான தரிப்பில் நான் எழும்பினேன்.
அமலன் எழும்பவில்லை.
பஸ் கிளம்பியது, நான் கம்பியில் தொங்கியபடி.
"இஸ்பிரிதாலே லங்க பஹினவா" என்றான் அவன்,
கண்டக்டருக்கு மட்டுமல்ல, பஸ்ஸுக்கே கேட்க.

எங்களோடு நாலு பேர் இறங்கினார்கள்.
வெயிலும் மழையும் இல்லாத காலையில்
குடைக்குள் முகத்தை வைத்து நடந்த ஒருத்தி
எங்கள் தெருமுனை பெர்பெத்துவா அன்ரி.
அவவும் பார்த்தா. நானும் பார்த்தேன்.
இரண்டு பேரும் குடையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம்.

அந்த நடுக் கதிரை.
இந்த முறை டொக்டர் குரலைப் பற்றிக் கேட்கவில்லை.
நானே சொன்னேன்:
"மகே."
தமிழில் 'என்னுடையது', ஆறெழுத்து.
சிங்களத்தில் இரண்டுதான்.
அந்த இரண்டுக்கே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அவர் பேனையைக் கீழே வைத்தார்.
அமலன் ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பி வரும்போது, மருதானை தாண்டியபின்,
யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான்:
"உன்ட முதலாளிட்டச் சொல்லு அக்கா,
இனிப் பாகற்காய் வேணாம் எண்டு."