அறை வெப்பநிலையில் அரை மணி நேரம்

அடுப்பே தேவையில்லை என்றுதான்
ஆசை காட்டியது பெட்டியின் பின்பக்கம்.
தோஹாவிலிருந்து மச்சான் அனுப்பிய கோர்ன்பிளேக்ஸ்,
ஓரம் நசுங்கி, உள்ளே பாதி நொறுங்கி.

நாளைக்கு நாலாம் வகுப்பில் சிறுவர் சந்தை.
மற்றப் பிள்ளைகள்
வல்லாரைக் கட்டு, தேசிக்காய், நாலு கோழிமுட்டை
கொண்டு வருவார்களாம்.
என் மகள் ஷிம்லாவுக்கு மட்டும்
"ஆருமே கொண்டு வராத சாமான்" வேணும்.
உம்மாவுக்கு ஆசுபத்திரியில் இரவுக் கடமை.
ஆக, மீன் லொறிக்கு ஐஸ் அடுக்குகிற நானும்
எட்டரை வயதுக் கடைக்காரியும்
சாய்ந்தமருதில் ஒரு குசினிக்குள்.

பீனட் பட்டர் போத்தலின் விலையைப் பார்த்து
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.
பதிலுக்குக் கல்முனை பஸ் நிலையத்தில்
வறுத்த கச்சான், கால் கிலோ.
உள்ளங்கையில் கசக்கி ஊதினோம்.
செந்தோல் பறந்து
அவள் புருவத்தில், என் தேத்தண்ணியில்,
மூன்று நாள் கழித்து
தொழுகைப் பாயின் மடிப்பிலும் ஒன்று இருந்தது.

மிக்ஸி முதலில் மாவாக்கியது,
பிறகு பிடிவாதமாய் உருண்டையாகி நின்றது.
ஒரு கரண்டி எண்ணெய் விட்டதும்
மனசு மாறி இளகியது.
அந்த நிமிடம் கரண்ட் போனது.
"அரைச்சி முடிஞ்ச பிறகுதானே போச்சு" என்றாள்
மின்சார சபையின் வக்கீல் போல.

சொக்லட்டை உருக்க வேண்டுமாம்,
வெந்நீருக்கு மேலே கிண்ணம் வைத்து.
கடையிலிருந்து வீடு வருவதற்குள்
என் சட்டைப் பைக்குள்ளேயே
அந்த வேலை முடிந்திருந்தது.
கடதாசியை வழித்தோம், கச்சானோடு குழைத்தோம்,
நொறுங்காத பாதியை மேலே கொட்டி
மெல்ல, மெல்லப் புரட்டினோம்.
விரல்களை அவள் நக்கியதை நான் பார்க்கவில்லை.
நான் நக்கியதை அவள் பார்த்தாள்.

பிறகுதான் அந்த வரி:
அறை வெப்பநிலையில் அரை மணி நேரம் விடவும். இறுகிவிடும்.

எந்த அறை என்று எழுதவில்லை.
எழுதியவர் சித்திரை மாதத்தில்
தகரக் கூரைக்குக் கீழே
ஒரு நாளும் குந்தியதில்லை.
அரை மணி. ஒரு மணி.
தட்டுக்குள் எல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து
வியர்த்துக்கொண்டு கிடந்தன.
எறும்புகளுக்குத் தகவல் போய்விட்டது.
"வாப்பா, இது காயவே காயாதா?"
குரலும் உருகத் தொடங்கியிருந்தது.

பதினொரு வருஷமாய்
உருகாமல் காப்பதே தொழிலாயிருப்பவனுக்கு
அப்போதுதான் உறைத்தது.

ஒழுங்கை முனையில் லொறி.
இரண்டு மணிக்கு றமீஸ் வந்து பேலியகொடைக்கு எடுப்பான்.
தட்டை மூன்று சொப்பிங் பேக்கில் சுற்றினோம்.
கதவைத் திறந்தேன்;
வெள்ளைக் குளிர் புகை எங்கள் முகத்தில் விழுந்தது.
இரண்டு அறுக்குளாக்களுக்கு நடுவே
இடம் இருந்தது.
இருபதே நிமிடம்.
தட்டினால் டக் டக்கென்றது.

கடைசி வேலை அவளுடையது:
பைக்குள் போட்டு, ஐசிங் சீனி தூவி,
வாயை முறுக்கிக் குலுக்குவது.
டோர்ச் வெளிச்சத்தில், லொறியின் படியில் நின்று
உடம்பு முழுக்கக் குலுக்கினாள்.
பை ஒரு மூலையில் கிழிந்திருந்ததை
நாங்கள் கவனிக்கவில்லை.

விடிய வீடு வந்த மனைவி
ஒன்றை வாயில் போட்டாள்.
"என்ன, மீன் மணக்குது?"
"இல்ல" என்றோம்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்,
கொஞ்சம் உரக்க.

சந்தையில் பன்னிரண்டு பக்கெட் போனது.
அறுநூறு ரூபாய் வரவேண்டியது,
ஐநூற்று ஐம்பதுதான் இருந்தது.
கொப்பியின் பின்தாளில் எழுதியிருந்தாள்:
தஸ்ரிப் கடன். திங்கக்கிழமை தருவான்.
தராட்டி அவன்ட உம்மாவுக்குச் சொல்லுவன்.

பின்னேரம் பேலியகொடையிலிருந்து போன்.
"தம்பி, உன்ட ஐஸ் ஏன் இனிக்குது?"

ஐஸை ஏன் முதலாளி நக்கிப் பார்த்தீங்க என்று
நானும் கேட்கவில்லை.