பாம்பின் வாலில் இருக்கும் ப

எனக்கு ஆங்கில எழுத்து எஸ்ஸில் தொடங்கியது.
அப்புறம் எம். அப்புறம் எல்.
ஏ எங்கே என்று நான் கேட்கவில்லை.
கம்பளிச் சட்டையில் ஏ என்றோர் அளவு கிடையாது.

ஃபீனிக்ஸ் ஆலை, மூன்றாம் வரிசை.
கழுத்துப்பட்டியில் துணிச்சீட்டு வைத்துத் தைப்பது என் வேலை.
ஒரு திங்கட்கிழமை
பெட்டி முழுக்க எம்மைத் தலைகீழாய்த் தைத்துவிட்டேன்.
கப்பலேற வேண்டிய எண்பது சட்டை
டபிள்யூ அளவில் நின்றன.
அந்த உடம்புக்காரன் எந்தத் தேசத்தில் இருக்கிறான்
என்று கேட்டார் மேற்பார்வையாளர்.
பிரித்துத் தைத்து முடிக்க இரவு ஒன்பது.

பக்கத்து இயந்திரத்து மிஷ்லீன்
மறுநாளிலிருந்து எழுத்துச் சொல்லித் தந்தாள், உதட்டால்.
அந்த இரைச்சலில் காது எதற்கு?
ஜியும் ஜேயும் மட்டும் அவளுக்கே இடம் மாறும்;
பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் ஒரே பெஞ்சில் படித்த வாய்.

பி என்றாள். உதடு ஒட்டித் திறந்தது.
இன்னொரு பி என்றாள். அதே உதடு, அதே திறப்பு.
இரண்டும் வேறாம்.
எனக்குச் சிரிப்பு.
கோயில் வகுப்பில் நான் படித்த பாம்புக்குத்
தலையிலும் ப, வாலிலும் ப.
ஒன்றை வைத்தே ஊர்ந்துவிட்டதே அது!

மிஷ்லீன் சிரிக்கவில்லை.
ஊசி குத்திக் குத்தித் தடித்த என் இரண்டு விரலை எடுத்துத்
தன் தொண்டையில் வைத்தாள்.
முதல் பிக்கு உதடு திறந்த பிறகே துடிப்பு.
அடுத்ததற்கு, மூடியிருக்கும்போதே.

கியூர்ப்பீப் பஸ்ஸில், மழையில்,
என் கழுத்தில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தேன்.
பாம்பு.
பாம்பு.
தலை ஊமையாய்ப் புறப்பட்டது.
வாலில் அதிர்ந்தது.
இத்தனை வருஷம் இரண்டையும் நான்தான் சொல்லியிருக்கிறேன்,
எனக்கே தெரியாமல்.
தொண்டைப்புண்ணா என்றார் கண்டக்டர்.

வெள்ளிக்கிழமை சம்பள உறை வந்தது.
அம்புஜம் என்ற என் பெயரில்
அந்த வால் இருக்கும் இடத்தில்
ஊமைப் பி, ஒற்றை வயிற்றோடு.
குமாஸ்தாவிடம் காட்டினேன்.
பதிவேட்டில் அப்படித்தான், உன் பாட்டன் காலத்துக் கணக்கு, போ என்றார்.
கையெழுத்துப் போடத் தந்த பேனா கையில் இருந்தது.
அந்தப் பியின் கீழே
இன்னொரு வயிறு வரைந்தேன்.

அடுத்த வெள்ளி மறுபடி ஒற்றை வயிறு.
மறுபடி வரைந்தேன்.