ஏழாம் அரங்கு

படத்தின் கடைசிப் பத்து நிமிடம் மட்டும்
எனக்கு மனப்பாடம்.
நாளைக்கு ஐந்து தடவை
துடைப்பமும் கறுப்புப் பையுமாய்
ஏழாம் அரங்கின் கதவோரம் நிற்பேன்.
ஐந்து தடவையும் பையன் கிடைத்துவிடுகிறான்.
மழை வழியும் சிமென்டுக் குழாய்க்குள்ளிருந்து
அந்த அம்மா அவனை இழுத்தெடுத்து
முகத்தோடு முகம் தேய்க்கிறாள்.
பெயர்கள் மேலேறும். விளக்கு வரும்.
கார் நிறுத்திய தளம் பி மூன்றா நான்கா என்று
சண்டை போட்டுக்கொண்டே போவார்கள்.
நான் சோளப்பொரி கூட்டியபடி
பிள்ளைகளைப் பார்ப்பேன்.
முகத்தை அல்ல. காலை.

செந்தூல் இரவுச் சந்தை.
அப்பம் பாலிக் கடைக்காரன் தந்த மீதியில்
ஐம்பது சென் கைதவறி விழுந்தது.
குனிந்தேன், எடுத்தேன், நிமிர்ந்தேன்.
போலீசிடம் இதைத்தான் சொன்னேன்,
அக்காவிடமும்,
கோர்ட்டுமலைப் பிள்ளையாரிடமும்.
நவிந்தரன். ஐந்து வயது.
மஞ்சள் சட்டை, நீலச் செருப்பு.
சார்ஜன் எழுதிக்கொண்டார்.

விடிகாலை நான்கு மணிக்கு
ஒன்பதாவது மாடி ஏறி
கிரில் கதவைத் திறந்தால்
நீலச் செருப்பு அங்கே இருந்தது,
ஜோடியாக, வெளியே பார்த்தபடி.

எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.
மூன்று வருடமாகிறது. யாருக்கும் தெரியாது.

வெறுங்காலோடா வந்தான்?
லிஃப்டில் நான்காவது மாடியில் ஏறிய சீனக் கிழவர்
அவனுக்காக ஒதுங்கி நின்றாரா,
இல்லை என் பைக்காகவா?
அப்பம் எத்தனை என்றபோது
ரெண்டு என்றேனா, ஒன்று என்றேனா?
பொட்டலம் ஸ்டேஷன் பெஞ்சிலேயே கிடந்துவிட்டது.
எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

நேற்று எனக்கு விடுப்பு.
இந்தப் படத்தின் ஆரம்பத்தைப் பார்த்துவிடுவது என்று
காசு கொடுத்துப் போனேன்.
கவுன்டர் பெண் எத்தனை என்றாள்.
வாய் தானாக
ரெண்டு என்றது.

திரையில் கூட்டம், பலூன், வறுத்த கடலைப் புகை.
அவளுக்கு போன் வருகிறது.
கையை விடப்போகிறாள்,
எனக்குத் தெரிந்துபோயிற்று.
பையனின் காலைத் தேடினேன்.
கேமரா அவன் இடுப்போடு நின்றுகொண்டது.
தோள். கழுத்து. அவள் மோதிரம். மறுபடி தோள்.
கீழே காட்டு என்றேன்.
உரக்கத்தான் சொல்லியிருக்க வேண்டும்.
படிகளில் டார்ச் வெளிச்சம் ஒன்று
தத்தித் தத்தி இறங்கி வந்தது.

நோரைனி, என் சூப்பர்வைசர்.
என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல்
வெளிச்சத்தைத் தாழ்த்தினாள்.
அது என் மடியைத் தாண்டி
பக்கத்துக் காலி இருக்கையைத் தாண்டி
தரையில் ஓரிடத்தில் நின்றுபோனது.
அவள் கை லேசாக நடுங்கியது.

அரிசி டின்னை நான் திறக்கவில்லை.
அதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன்.

குனிந்தேன்.