ஒடிலியா வரவில்லை

சிலோயேயின் தென்கோடித் தீவுகளில்
மாலை ஏழு மணிக்கு அடுப்பைக்கூடக் கிளறமாட்டார்கள்.
வானொலியில் எர்மினியோ
தொண்டையைச் செருமிக்கொண்டு
தபால் எட்டாத கரைகளுக்குச் சேதி வாசிக்கும் நேரம்.
பெதுல்லியாவுக்கு: பல் பிடுங்கியாயிற்று, வலி இல்லை.
கலிஸ்த்தோவுக்கு: மாவு மூட்டை வியாழன் படகில்.
சொல்லுக்கு நூறு பெசோ.
அதனால் யாரும் அடைமொழிக்குச் செலவழிப்பதில்லை.

அன்று வந்த சீட்டில் இரண்டே சொல்:
ஒடிலியா வரவில்லை.

எந்த ஒடிலியா என்று கேட்கலாம் என்றால்
சீட்டைக் கொடுத்த பையன்
மழைக்குள் போய்விட்டிருந்தான்.

முதலில் ஒருத்திதான் இருந்தாள்.
மருத்துவச்சி ஒடிலியா பாரியா,
கால் முன்னே வரும் பிள்ளையை
வெளியே நின்று திட்டியே திருப்பிவிடுவாளாம்.
அவள் கையில் விழுந்த பெண்களில்
பதினொரு பேருக்கு அவள் பெயர்.
அதில் ஒருத்தியைக் கட்டியவன்
மஞ்சள் படகின் மூக்கில் மனைவி பெயரை எழுதினான்,
பெயின்ட் காய்வதற்குள் சண்டை.
படகு உடைந்த பாறைக்கும்
அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.
இப்போது ஓடுவது அவனுடைய இரண்டாவது படகு;
தினமும் விடியலில்
ஒடிலியா ஒடிலியாவை இடப்பக்கம் விட்டு
விலகிப் போகும்.

மருத்துவச்சியின் தோட்டத்துக் கிழங்கு ஒன்று,
வெட்டினால் ஊதா வளையம்.
ஒடிலியா கிலோ என்ன விலை என்று சந்தையில் கேட்டால்
யாரும் சிரிப்பதில்லை.

நான் எழுதும் மொழி கெட்டிக்கார மொழி.
வந்தாள் என்றால் பெண்.
வந்தது என்றால் படகோ பசுவோ.
வந்தவர்க்கெல்லாம் திணை பார்த்து
விகுதி போட்டு உட்காரவைக்கும்.
வராதவர் முன்னால் மட்டும்
கையை விரித்துவிடுகிறது.
வரவில்லை.
அவ்வளவுதான். அவளும் அதுவும் ஒன்று.

அந்த இரவில்
ஒருவன் லாந்தரோடு துறைக்கு ஓடினான்.
ஒரு தாய், பக்கத்து அறையில் தூங்கும் ஒடிலியாவின்
மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.
பாறையைப் பார்க்கவும் ஒருவர் போனார்,
ஏன் என்று அவருக்கே தெரியாது.
பாறை இருந்தது.

காஸ்த்ரோவில்
சால்மன் ஆலையில் முள் பிடுங்கும் ஒருத்தி
கையுறையைக் கழற்றாமல் நின்று கேட்டாள்.
ஊருக்குப் போய் ஒன்பது வருடம்.
சண்டை ஒரு வீட்டைப் பற்றியது:
அப்பாவின் மரவீட்டை
பதினாறு எருது பூட்டி இழுத்துப்போய்
அக்கா தன் மேட்டில் நிறுத்திக்கொண்டாள்.
எர்மினியோவின் கட்டைக் குரல்
அன்று அக்காவின் குரல்போல இருந்ததாம்.
வரவில்லை.
பொய் இல்லையே, வரவில்லைதானே.

காலைச் செய்தியில் திருத்தம்:
நேற்று வராத ஒடிலியா, பஸ்குவாலின் செம்பசு.
மற்ற ஒடிலியாக்களின் வீட்டார்
நிம்மதியாக இருக்கலாம்.
அந்தச் சொற்களுக்கெல்லாம்
எர்மினியோ தன் பையிலிருந்தே கட்டினார்.

அவள் அதைக் கேட்டது
படகின் மேல்தட்டில், யாரோ ஒருவரின் டிரான்சிஸ்டரில்.
கயிறு அவிழ்த்தாகிவிட்டது.
கரைக்கும் கால்மாட்டுப் பைக்கும் நடுவே
ஒருமுறை பார்த்தாள்.
பசுவுக்காக வந்த அழைப்பு.
இருக்கட்டும் என்று உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா கதவைத் திறந்தபோது
கையில் பாதி உரித்த கிழங்கு.
முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள்.
பிறகு, வீடு இழுத்ததில்
அப்பாவின் ஜன்னல் கோணிப்போனதைப் பற்றி.
இன்னும் சரியாக மூடுவதில்லை, பார்.

மறுநாள் மாலை
அக்கா இருநூறு பெசோ கொடுத்தனுப்பினாள்.
ஏழு மணிக்கு எர்மினியோ செருமினார்:
ஒடிலியா வந்தாயிற்று.

அந்தப் பக்கத் தீவில்
கைநிறைய உப்போடு
பஸ்குவால் தொழுவத்துக்கு ஓடினான்.