அடிக்கு எவ்வளவு

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில்
டயர் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே என் கிளினிக்.
செவ்வாய்க்கிழமை, மூன்றாம் டோக்கன்.
நாயைத் தோளில் போட்டுக்கொண்டு
படியேறி வந்தவர் பெயர் குழந்தைவேலு.
ரிக் வண்டியில் டிரில்லர். இருபத்திரண்டு வருஷம்.

நாயின் பெயர் கேட்டேன்.
“ஆறரைங்க.”
வயசில்லை, பேரு.
“பேருதானுங்க டாக்டரம்மா. ராய்ச்சூர்ப் பக்கம்
கேசிங் பைப்புக்குள்ள கெடந்தான், கண்ணுகூடத் தெறக்கல.
ஆறரை இஞ்சுப் பைப்பு.”

வயசு பதினொன்று.
பதினொன்றும் லாரி மேலேயே.
சத்தீஸ்கர், விதர்பா, அனந்தப்பூர்,
கம்ப்ரசர் பக்கத்தில் சாக்கு விரித்துத் தூக்கம்.
காது பாதி போய்விட்டது. இப்போது இடுப்பு.
எக்ஸ்ரேயில் பந்தும் கிண்ணமும்
ஒன்றையொன்று தேய்த்துச் சொரசொரத்திருந்தன.
ரத்தப் பரிசோதனையில் ஈரலும் சரியில்லை,
வலி மாத்திரைக்கு வழியில்லை.

லேசர் வைத்துப் பார்க்கலாம், ஆறு தடவை வரணும் என்றேன்.
“அறுக்கறதுங்களா?”
இல்லை. வெளிச்சம் மட்டும்.
பழைய வண்டி வாங்க வந்தவர்போல்
மெஷினைச் சுற்றிவந்து பார்த்தார்.
மிக்சி அளவுப் பெட்டி, ஒரு வயர், வயர் நுனியில் கைப்பிடி.
“எத்தனை அடி எறங்குமுங்க?”

அடி இல்லை. மூன்று சென்டிமீட்டர், மிஞ்சினால் நான்கு.

சிரித்தார். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது.
ஆயிரத்து நானூறு அடி இறக்கி
புகையை மட்டும் வெளியே எடுத்த மனுஷன்.
“அப்ப அடிக்கு எவ்வளவுன்னு கேக்க முடியாதுங்க.”

மூன்று பேருக்கும் கண்ணாடி.
ஆறரைக்குத் தலையோடு கட்டும் நீலக் கண்ணாடி;
முன்னங்காலால் ஒருமுறை தட்டிவிட்டுப் பிறகு சம்மதித்தான்.
இடுப்பை விரலால் அழுத்திக்கொண்டே போய்
தோல் துடித்த இடத்தில் நிறுத்தினேன்.
“தேங்கா எந்திரிச்சு நிக்கிறாப்ல” என்றார்.
நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில்
படுத்த தேங்காய் நிமிரும் இடம்.
அதை நம்பாதவர்களும்
தேங்காய் ஒன்று வாங்கிவிட்டுத்தான் ரிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

சிவப்புப் புள்ளி ரோமத்தின் மேல் ஊர்ந்தது.
சிவப்பு வெறும் வழிகாட்டி,
வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று.
அது உள்ளே போய் என்ன செய்கிறதென்று
படித்ததைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.
அவர் கேட்கவில்லை.
நாயின் காலைப் பிடித்திருந்த கையில்
இரண்டு விரல் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன.
அதிர்கிற இரும்பைப் பல வருஷம் பிடித்தவர்களுக்கு வருவது.
தெரியும்.
என் லைசென்சில் மனுஷன் வரமாட்டான்.

நாலாம் தடவை தோளில் வரவில்லை.
மூன்று படியில் இரண்டை அவனே ஏறினான்,
மூன்றாவதில் நின்று, தூக்கு என்பதுபோல் பார்த்தான்.
“நோவு கொறஞ்சிருச்சுங்களா,
இல்ல எனக்கோசரம் ஏறுறானுங்களா?”
தெரியவில்லை என்றேன்.
சில நாய்களுக்குக் கேட்கிறது, சிலவற்றுக்கு இல்லை.
தண்ணி எத்தனை அடியில் என்று
அவரும் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

மெஷினின் முனகலில் ஆறரை தூங்கிப்போனான்.
எட்டு நிமிஷம். கடைவாயில் எச்சில்.
கனவில் எந்த ஊரோ, பின்னங்கால் இரண்டும் ஓடின.

பீப் அடித்து மெஷின் நின்றது.
அந்த நொடியே விழித்தான்.
சத்தத்தில் தூங்குகிறவன், சத்தம் நின்றால் எழுகிறவன்.
ரிக்கில் கம்ப்ரசர் நின்றால் இரண்டில் ஒன்று:
தண்ணீர். இல்லையென்றால்
போதும் என்று தோட்டக்காரர் கையைக் காட்டியிருப்பார்.
எது என்பதை அவன் எப்போதும்
ஒரே முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறான்.

கண்ணாடியைக் கழற்றினேன்.
என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்தான்.

குழந்தைவேலு அவன் காதோரம் குனிந்து,
பாதிக் காதுக்கும் எட்டும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னார்:
“படுறா. இன்னும் ரெண்டு ராடு இருக்குது.”